சிலந்திகள் இருந்த இடம்

ஓநாய்ச் சிலந்தி மற்றச் சிலந்திகளைப் போல வலை பின்னி அதன் நடுவில் உட்கார்ந்து இரைக்குக் காத்திருக்காது. ஓடிப் பிடித்துத்தான் தின்னும். இதைப் பன்னிரண்டாம் வகுப்புக்கு எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் முதல் பெஞ்சிலிருந்து யாராவது ஒருத்தி, "அப்போ அதுக்குக் கால் வலிக்காதா மிஸ்?" என்று கேட்பாள். வகுப்பே சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது, ஏனென்றால் அந்த நேரத்தில் எனக்குக் கால் வலித்துக்கொண்டிருக்கும்.

எண்பதுகளின் கடைசியில் நாங்கள் பூந்தமல்லியில் குடியிருந்தோம். அத்தர் வியாபாரம் செய்த ஒரு பாய் வீட்டின் பின்பக்கம், இரண்டு அறை, ஒரு சமையலறை. என் கணவருக்கு அம்பத்தூர்த் தொழிற்பேட்டையில் ஒரு கம்பெனியில் டைம் ஆபீஸ் குமாஸ்தா வேலை. யார் எத்தனை மணிக்கு உள்ளே வந்தார்கள், எத்தனை மணிக்கு வெளியே போனார்கள் என்று எழுதி வைப்பது. எனக்கும் அம்பத்தூரில்தான் வேலை, ஒரு பெண்கள் மேல்நிலைப் பள்ளியில் விலங்கியல் டீச்சர். மகளுக்கு நாலு வயது. அவளைப் பாய் வீட்டம்மாவிடம் விட்டுவிட்டு இரண்டு பேரும் பஸ் பிடிப்போம். ஒரு வகுப்பில் அறுபது பேருக்குக் குறையாத பெண்கள், நாலு பிரிவு, அத்தனை பேருக்கும் ரெக்கார்டு நோட்டு. தவளையின் ரத்த ஓட்டத்தை வருடத்துக்கு இருநூறு தடவைக்கு மேல் திருத்தியிருப்பேன். தூக்கத்தில்கூடச் சிவப்பு மையில் 'பாகங்களைக் குறி' என்று எழுதிக்கொண்டிருந்தேன்.

அப்போது நகரத்தில் ஒரு பெண்கள் கல்லூரியின் துறைத் தலைவி என்னிடம் ஒரு கல்யாண வீட்டில் சொன்னார்: "எம்.ஃபில். முடிச்சிட்டு வாங்க. எங்க டிபார்ட்மெண்ட்ல ஒரு இடம் காலியாகப் போகுது." சாப்பாட்டுப் பந்தியில் எனக்கும் ரசத்துக்கும் நடுவில் சொன்ன வார்த்தை அது. அதைப் பிடித்துக்கொண்டு நான் பகுதி நேர எம்.ஃபில். சேர்ந்தேன். அறிவுத் தாகம் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டாம். ஒரு நாளைக்கு மூன்று வகுப்பு, மேஜைமேல் ஒரு மின்விசிறி, ரெக்கார்டு நோட்டு திருத்த வேறு ஆள். எனக்கு அதுதான் வேண்டியிருந்தது. மிகவும் வேண்டியிருந்தது.

என் வழிகாட்டிப் பேராசிரியர் ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். தலைப்பைத் தேர்வு செய்வதில் அவருக்கு இரண்டு நிமிஷம்கூட ஆகவில்லை. "ஜாகை எங்கம்மா? பூந்தமல்லியா? சுத்தி ஏரி இருக்கு, வயல் இருக்கு, பொட்டல் இருக்கு. ஓநாய்ச் சிலந்தியை எடுத்துக்கோ. எந்தச் சிலந்தி எங்க வாழுதுன்னு மட்டும் சொல்லு. போதும்."

போதும் என்றார். அந்தப் 'போதும்' என் சனி, ஞாயிறு எல்லாவற்றையும் தின்றது.

மூன்று இடங்களைத் தேர்ந்தெடுத்தேன். ஐயப்பன்தாங்கல் பக்கத்து ஏரிக்கரை ஒன்று. நூம்பலில் ஒரு நெல் வயல், அது இரண்டு. மூன்றாவது, எங்கள் பள்ளிக்குப் பின்னால் வேலிக்காத்தான் மண்டிய ஒரு பொட்டல். சனிக்கிழமை அரை நாள் பள்ளி முடிந்ததும் பொட்டல். ஞாயிறு காலை வயல், வெயில் ஏறும் முன் ஏரி. தரையில் குழி தோண்டி, ஐஸ்கிரீம் கப்பை அதன் வாய் மண்மட்டத்துக்கு இருக்கும்படி புதைத்து, கொஞ்சம் சோப்புத் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டால் போதும். ஓடிக்கொண்டே இருக்கிற பிராணி ஆனதால் கண் தெரிந்தும் உள்ளே விழுந்துவிடும். அதற்கு எட்டுக் கண்கள். முன்னால் சின்னதாக நாலு, அதற்கு மேலே முட்டை முட்டையாக இரண்டு, தலைக்குப் பின்பக்கமாக இன்னும் இரண்டு. எட்டுக் கண் இருந்தும் ஐஸ்கிரீம் கப்பில் விழுவதைப் பார்த்து எனக்கு ஆரம்பத்தில் பரிதாபமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

வயலில் தண்ணீர் நிற்கும்போது கப் வைக்க முடியாது. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கி, வாயகன்ற பாட்டிலால் மொண்டு பிடிக்க வேண்டும். நெல் வயல் சிலந்தி கருப்பு, முதுகில் வெளிறிய ஒரு பட்டை. தண்ணீர்மேல் நனையாமல் ஓடும். தூரின் அடியில் பதுங்கியிருந்து, பயிரைச் சாறு உறிஞ்சிக் காயவைக்கும் புகையானை லபக்கென்று பிடிக்கும். மருந்து அடித்தால் புகையானுக்கு முன்னால் இதுதான் சாகும். ஏரிக்கரையில் கிடைத்தது வேறு மாதிரி. ஈர மணலின் நிறம், அங்கங்கே புள்ளி. அசையாமல் நின்றால் நான் மிதித்துவிடுவேன், கண்ணுக்குத் தெரியாது. கோடையில் தண்ணீர் உள்வாங்க உள்வாங்க அதுவும் தண்ணீரின் விளிம்போடு கூடவே இறங்கிப் போகும். பொட்டலில் ஒன்று மண்ணில் வளை தோண்டி, உள்ளே பட்டு நூலால் பூசி வைத்திருந்தது. இன்னொன்று குலத் தொழிலை விட்டுவிட்டுப் புல்லின்மேல் விரிப்பு மாதிரி வலை விரித்து, ஓரத்தில் ஒரு புனல் வைத்து அதற்குள் உட்கார்ந்திருந்தது. ஓடி ஓடி அலுத்துப்போன ஓநாய்ச் சிலந்தி என்று நான் அதற்குப் பெயர் வைத்தேன். அதன்மேல் எனக்குத் தனிப் பிரியம்.

எந்த இடத்துச் சிலந்தியானாலும் தாய் ஒரே மாதிரிதான். முட்டைகளை ஓர் உருண்டையாக நூலில் சுற்றி, வயிற்றின் நுனியில் ஒட்டிக்கொண்டு திரியும். குஞ்சு பொரித்ததும் அத்தனையும் அம்மா முதுகில் ஏறிக்கொள்ளும். ஏறினபடியே ஒரு வாரம். அந்த நிலையிலும் அது ஓடித்தான் சாப்பிட வேண்டும். நான் என்ன நினைத்திருப்பேன் என்று நீங்களே ஊகித்துக்கொள்ளலாம். அதை நான் ஆய்வேட்டில் எழுதவில்லை.

நூம்பல் வயலில் எனக்கு ஒரு துணை இருந்தாள். களையெடுக்க வருகிறவள், என் வயதுதான் இருக்கும். முதல் நாளே என் பாட்டிலை வாங்கி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"இன்னா டீச்சரம்மா, எட்டுக்கால் பூச்சியப் புட்ச்சிக்கினு போயி கொழம்பு வைக்கப் போறியா?"

"படிப்புக்கு."

"டீச்சருக்கே படிப்பா? எப்போதான் முடியும் உனுக்கு?"

அந்தக் கேள்வியை என்னிடம் அவ்வளவு நேராகக் கேட்டவர்கள் வேறு யாரும் இல்லை. வரப்பில் புதைத்த கப்புகளை மாடு மிதிக்காமலும் பிள்ளைகள் பிடுங்காமலும் அவள்தான் பார்த்துக்கொண்டாள். ஞாயிற்றுக்கிழமை போனால், "ஒண்ணத்தையும் எவனும் தொடல. நான் கீறேன்ல" என்பாள். நான் கொண்டுபோன ஃபிளாஸ்க் காபியில் பாதி அவளுக்கு. இரண்டு பேரும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வரப்பில் உட்கார்ந்து குடிப்போம், ஒருவருக்கொருவர் அதிகம் பேசாமல்.

பிடித்த சிலந்திகளைப் போட்டு வைக்க, பழைய ஊசி மருந்துக் குப்பிகள். ஒரு கிளினிக் நர்ஸ் கழுவிச் சேர்த்துக் கொடுத்தவை. ரப்பர் மூடி. உள்ளே கல்லூரி ஆய்வகத்திலிருந்து வாங்கி வந்த ஸ்பிரிட். ஒவ்வொரு குப்பிக்குள்ளும் ஒரு சின்னக் காகிதத் துண்டு, அதில் அந்த வாரத்து ஞாயிற்றுக்கிழமைத் தேதியும் இடமும்; சனிக்கிழமை பிடித்ததற்கும் அதே தேதிதான். பென்சிலில்தான் எழுத வேண்டும், பேராசிரியர் முதல் நாளே சொல்லியிருந்தார். இடத்துக்கு ஓர் எழுத்து: ஏ என்றால் ஏரி, வ என்றால் வயல், பொ என்றால் பொட்டல். என் கையெழுத்தை யாரும் பாராட்டியதில்லை. விடிந்தும் விடியாத வெளிச்சத்தில் வரப்பில் குந்தி எழுதியது இன்னும் மோசம். ஜூலையிலிருந்து பிப்ரவரி வரை நூற்று முப்பத்தேழு குப்பிகள் சேர்ந்தன. மூன்று செருப்புப் பெட்டிகளில், இடத்துக்கு ஒரு பெட்டியாக, பீரோவின் அடியில் இருந்தன. மே மாத விடுமுறையில் கல்லூரி ஆய்வகத்துக்குக் கொண்டுபோய் நுண்ணோக்கியில் வைத்து ஒவ்வொன்றும் என்ன இனம் என்று பார்க்க வேண்டும். அதுதான் பாக்கி.

பிப்ரவரி கடைசியில் தங்கை கல்யாணத்துக்காக மகளை அழைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனேன். பத்து நாள். கணவருக்கு லீவு இல்லை, முகூர்த்தத்துக்கு மட்டும் வந்து போனார்.

திரும்பி வந்தபோது மேஜைமேல் ஒரு மரத் தட்டு இருந்தது. தேக்கு. வரிசைக்குப் பன்னிரண்டாகப் பன்னிரண்டு வரிசைக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் ஒரு குப்பி கச்சிதமாக நின்றது. மேலே ஒரு மூடி, கீல் வைத்து. கம்பெனித் தச்சரிடம் கெஞ்சி, மிஞ்சிய பலகையில் செய்ய வைத்தாராம். அதோடு விடவில்லை. ஒவ்வொரு குப்பியாகத் திறந்து, என் கோழிக் கிறுக்கல் காகிதத்தை எடுத்துவிட்டு, நல்ல காகிதத்தில் பால்பாயிண்ட் பேனாவால் அழகாகத் திருப்பி எழுதிப் போட்டிருந்தார். அவர் கையெழுத்து அச்சுக் கோத்த மாதிரி இருக்கும். கம்பெனியில் வாழ்த்து மடல் எழுதுவதற்கெல்லாம் அவரைத்தான் கூப்பிடுவார்கள். முகூர்த்த நாள் போக மற்ற நாளெல்லாம் ஷிப்ட் முடிந்து வந்து இதைத்தான் செய்திருக்கிறார்.

"எல்லாத்தையும் தேதி வாரியா அடுக்கிட்டேன்" என்றார். "ஜூலை மொத வாரம் இந்த மூலை. பிப்ரவரி அந்த மூலை. உனக்குத் தேட வேண்டிய வேலையே இல்லை."

எனக்கு அழுகை வந்துவிட்டது. கல்யாணமாகி ஆறு வருடத்தில் அவர் எனக்குப் புடவை வாங்கித் தந்திருக்கிறார், வளையல் வாங்கித் தந்திருக்கிறார். இது அவையெல்லாவற்றையும்விடப் பெரிது என்று நினைத்தேன். அப்படியே சொல்லவும் சொன்னேன். முந்தின ராத்திரி அவர் கடைசியாகப் போட்டு முடித்த குப்பிகளில் கண்ணாடி வழியாக நீல எழுத்துகள் தெளிவாகத் தெரிந்தன. என் வேலை முடிந்துவிட்டதைப் போலவே எனக்கு அன்று தோன்றியது. பேராசிரியர் சொன்ன பென்சில் ஞாபகத்துக்கே வரவில்லை.

மார்ச்சும் ஏப்ரலும் பொதுத் தேர்வு, செய்முறைத் தேர்வு, விடைத்தாள். தட்டின் மூடியை நான் திறக்கவே இல்லை. மே முதல் வாரம் அதைத் துணியில் கட்டி, மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் கல்லூரிக்குப் போனேன். ஆய்வக மேஜையில் வைத்து மூடியைத் திறந்தேன். எல்லாக் குப்பியிலும் ஸ்பிரிட் லேசான நீலமாக இருந்தது. உள்ளே காகிதங்கள் வெறும் வெள்ளை. சிலவற்றில் எழுத்தின் தடம் மாதிரி ஏதோ இருந்தது, லென்ஸ் வைத்துப் பார்த்தாலும் படிக்க முடியவில்லை. ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். நாற்பதாவதோடு நிறுத்தியிருக்கலாம். நூற்று முப்பத்தேழையும் பார்த்தேன்.

தேதி போகவில்லை. அடுக்கிய வரிசையும் என் நோட்டும் இருந்ததால் எந்தக் குப்பி எந்த வாரத்தது என்று சொல்லிவிடலாம். போனது இடம். ஒவ்வொரு வாரமும் மூன்று இடத்துக்கும் போயிருந்தேன். 'ஏரி ஒன்று, வயல் இரண்டு, பொட்டல் ஒன்று' என்று எண்ணிக்கை மட்டும் நோட்டில் இருந்தது. அந்த நாலில் எது ஏரி, எது வயல் என்று எதிலும் இல்லை. செருப்புப் பெட்டியிலேயே விட்டிருந்தால் எழுத்தே இல்லாவிட்டாலும் இடம் தெரிந்திருக்கும்.

பேராசிரியர் ஒரு குப்பியைத் தூக்கிப் பார்த்தார், வைத்தார். "பால்பாயிண்ட்டா?" என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே சொன்னார்: "டிசம்பரோட உன் பதிவு முடியுது. ஏற்கெனவே ஒரு தடவை நீட்டிச்சாச்சு. நடவுல ஆரம்பிச்சு அறுப்பு வரைக்கும் மறுபடியும் பிடிக்க நேரம் இல்லை. ஆனா உனக்கே தெரியுமேம்மா. கருப்பெல்லாம் வயல், வெளுப்பெல்லாம் ஏரி, மீதி பொட்டல். பார்த்துப் பிரிச்சு எழுதிடு. யார் கேட்கப் போறா?"

யாரும் கேட்கப் போவதில்லைதான். அது எனக்கும் தெரியும். ஆனால் எந்தச் சிலந்தி எங்கே வாழ்கிறது என்பதுதான் கேள்வி. கருப்பாக இருப்பதால் இது வயல் என்று எழுதிவிட்டு, பிறகு வயலில் இருப்பதெல்லாம் கருப்பு என்று முடிவு எழுதுவதா? வகுப்பில் ஒரு பெண் இப்படிச் செய்தால் நோட்டைத் தூக்கி எறிந்திருப்பேன்.

அன்று மாலை வீட்டுக்கு வந்து தட்டை மேஜைமேல் வைத்தேன். கணவர் மகளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். மூடியைத் திறந்து காட்டினேன். கையைத் துடைத்துக்கொண்டு வந்து ஒரு குப்பியை விளக்கடியில் பிடித்தார்.

"எழுத்து எங்கே?"

"கரைஞ்சு போச்சு. ஸ்பிரிட்ல பேனா மை நிக்காது. அதுக்குத்தான் பென்சில்."

"பென்சில்ல எழுதினதை ஆபீஸ்ல யாருமே ஒத்துக்க மாட்டாங்க" என்றார், ஏதோ நான் அவர்மேல் மெமோ கொடுத்த மாதிரி. "அழிச்சு எழுதலாம்னு சொல்லிடுவாங்க."

"பழைய துண்டெல்லாம் எங்கே?"

குப்பியை அதன் குழியில் திருப்பி வைத்தார். பிறகு, "வெந்நீர் அடுப்புல போட்டேன்" என்றார்.

அதற்குமேல் நான் பேசியதை எழுதத்தான் வேண்டும். நான் வேலை மாறுவது உங்களுக்குப் பிடிக்கவில்லை, என்னை அந்தப் பள்ளிக்கூடத்திலேயே கட்டிப் போட இதைச் செய்தீர்கள் என்றேன். பொய் என்று தெரிந்தேதான் சொன்னேன். கோபத்துக்கு ஒரு பிடி வேண்டியிருந்தது, அதுதான் கைக்குக் கிடைத்தது. மகள் வாயில் சோற்றோடு இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள். அவர் உட்கார்ந்து மிச்சச் சோற்றை ஊட்டி முடித்தார். அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை. நான் சாப்பிட்டேன். மறுநாள் பள்ளியில் அட்மிஷன் வேலைக்குப் போக வேண்டும், சாப்பிடாமல் நிற்க முடியாது.

இரண்டு வாரம் யோசித்தேன். யோசித்தேன் என்பது பெரிய வார்த்தை. பஸ்ஸில் தூக்கம் வராத நேரத்தில் அதே விஷயம் மண்டைக்குள் சுற்றிக்கொண்டிருந்தது. கடைசியில் இப்படி ஒரு சமாதானம் கண்டுபிடித்தேன்: கருப்பு வயலை விட்டு வேறெங்கும் இல்லை, வெளுப்பு ஏரியை விட்டு வேறெங்கும் இல்லை என்று இன்னொரு தடவை நேரில் பார்த்து உறுதி செய்துகொண்டால், பேராசிரியர் சொன்னபடி பிரித்து எழுதுவது பொய்யாகாது. ஏரியில் ஒரு ஞாயிறு பார்த்தேன். கருப்பு ஒன்றுகூட இல்லை. அடுத்த ஞாயிறு நூம்பல் போனேன். பஸ்ஸை விட்டு இறங்கி நடக்கும்போது வெகு நாளைக்குப் பிறகு உடம்பு கொஞ்சம் லேசாக இருந்தது. மேஜைமேல் மின்விசிறி சுழல்வதுகூடக் கண்ணுக்குத் தெரிந்தது.

வயல் இல்லை. வரப்பையெல்லாம் தட்டி, லாரி லாரியாக மண்ணைக் கொட்டி நிரவியிருந்தார்கள். சுண்ணாம்பு அடித்த கற்கள் வரிசையாக நட்டிருந்தன. நான் நின்றுகொண்டிருப்பதை எங்கிருந்தோ பார்த்துவிட்டு அவள் வந்தாள். களையெடுப்பவளாகவே பார்த்துப் பழகிய எனக்கு, வெளுத்த சேலையும் கையில் டிபன் கேரியருமாக அவளை முதலில் அடையாளம் தெரியவில்லை.

"இன்னா டீச்சரம்மா, இப்போ வந்து நிக்கிற? இந்த வருசம் நடவு ஏது? கல்லுதான் நட்டுக்கினு போயிட்டானுங்க."

"நீ என்ன பண்றே?"

"எக்ஸ்போர்ட் கம்பெனில நூல் பிசிறு வெட்டறேன். நாள் பூரா நிக்கணும். குனிஞ்சப்போ இடுப்பு வலி, இப்போ காலு வலி. ஞாயித்துக்கெழமகூட கூப்புடறானுங்க." என் கையில் இருந்த பாட்டிலைப் பார்த்தாள். "இன்னும் முடியலயா உன் படிப்பு?"

நான் பதில் சொல்வதற்குள் காலடியில் ஒரு சிலந்தி ஓடியது. ஒரு கல்லின் நிழலில் போய் நின்றது. மணல் நிறம், புள்ளி. வயிற்று நுனியில் முட்டை உருண்டை. ஏரிக்கரைச் சிலந்தி. நான் குனிந்து பார்த்தேன், சந்தேகமே இல்லை.

"இது ஏரி மண்ணோட லாரில வந்திருக்கும்" என்றேன். அவளிடம் சொல்லவில்லை, எனக்கே சொல்லிக்கொண்டேன்.

"லாரிலயா? நல்லா சொன்ன போ!" என்று அவள் சிரித்தாள். "இது எப்பவும் கீறதுதான் டீச்சரம்மா. தண்ணி கட்டி வெச்சா கருப்பு வரும். தண்ணி வடிஞ்சி வெடிப்பு உட்டா இது வரும், கருப்பு எங்கியோ பூடும். அறுப்பப்போ பாத்தினா மொத்தமும் இதான். நீயும்தான் புட்ச்சியே, உன் கப்புல பாக்கலயா?"

பார்க்கவில்லை. தை மாதம் அறுப்புச் சமயத்தில் வரப்புக் கப்புகளில் விழுந்ததை அவசர அவசரமாகக் குப்பியில் கொட்டி, மூடி, காகிதம் போட்டு, அடுத்த பஸ்ஸைப் பிடிக்க ஓடினேன். வீட்டில் மாவு அரைக்க வேண்டியிருந்தது. மே மாதம் ஆய்வகத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். எந்தச் சிலந்தி எங்கே வாழ்கிறது என்பதற்கு இதுதான் விடை. இடம் ஒன்றுதான், தண்ணீர் ஏற ஏற ஒருத்தி வருகிறாள், வற்ற வற்ற இன்னொருத்தி வருகிறாள். யாரும் எழுதிப் பார்க்காத விடையாகக்கூட இருந்திருக்கலாம். அந்த நூற்று முப்பத்தேழு குப்பிக்குள் அது முழுசாக இருந்தது, இனிமேல் அதை வெளியே எடுக்க முடியாது. வெளுப்பையெல்லாம் ஏரி என்று எழுதினால் அந்த விடையை என் கையாலேயே அழித்தவள் ஆவேன்.

அந்தச் சிலந்தியை நான் பிடிக்கவில்லை. பிடித்து என்ன செய்வது? அவளோடு பஸ் நிறுத்தம் வரைக்கும் நடந்தேன். அவளுடைய பஸ் முதலில் வந்தது. "வரேன் டீச்சரம்மா, உடம்பப் பாத்துக்க" என்று ஏறிக்கொண்டாள். நான் நிறுத்தத்துக் கல்லில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதேன். பக்கத்தில் மாங்காடு கோயிலுக்குப் போகிற ஒரு குடும்பம் நின்றிருந்தது. வேண்டுதல் போலிருக்கிறது என்று நினைத்து எனக்கு இடம் விட்டுத் தள்ளி நின்றார்கள்.

பேராசிரியரிடம் போய்ச் சொன்னேன். பிரித்து எழுத மாட்டேன் என்றேன். காரணத்தையும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டிருந்தார். முழுக்கக் கேட்டார், அதைச் சொல்ல வேண்டும். "களையெடுக்கிறவ சொன்னான்னு எம்.ஃபில்.ல எழுத முடியாதேம்மா" என்றார். "இடம் இல்லாம வெறும் பட்டியல் கொடுத்தா அது எம்.ஃபில்.லும் இல்லை." எனக்குத் தெரியும் என்றேன். "அந்தக் காலேஜ் வேலை?" என்று கேட்டார். அதுவும் தெரியும் என்றேன். கடைசியில், குப்பிகளைத் தூக்கிப் போட வேண்டாம், கல்லூரி அருங்காட்சியகத்து அலமாரியில் வைக்கலாம், முதலாமாண்டுப் பிள்ளைகளுக்குக் காட்ட உதவும் என்றார். ஆனால் தேதி, இடம் எழுதிய சீட்டு இல்லாத எதையும் அங்கே வாங்கமாட்டார்கள். தெரிந்ததை எழுதிக் கொண்டுவா என்றார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் உட்கார்ந்தோம். மகள் பாய் வீட்டில் விளையாடப் போயிருந்தாள். கணவர் தாமாகவே வந்து எதிரில் உட்கார்ந்தார். சண்டைக்குப் பிறகு நாங்கள் அரிசி, பருப்பு, பஸ் நேரம் தவிர வேறு பேசியிருக்கவில்லை. பென்சிலை ஏற்கெனவே சீவி வைத்திருந்தார், நாலைந்து. காகிதத்தைச் சிறு துண்டுகளாகக் கத்தரித்தும் வைத்திருந்தார்.

"நீ சொல்லு, நான் எழுதறேன்" என்றார்.

முதல் குப்பியை எடுத்தேன். நோட்டைப் பார்த்துத் தேதி சொன்னேன். எழுதினார்.

"இடம்?"

"தெரியாது."

நிமிர்ந்து பார்த்தார். "வெளுப்பா இருக்கே. ஏரி இல்லையா?"

"தெரியாது. அப்படியே எழுதுங்க."

எழுதினார். 'இடம்: தெரியாது.' அந்த அழகான கையெழுத்தில், அந்த வார்த்தையை. அடுத்த குப்பி. தேதி. "இடம்?" என்றார். தெரியாது. அடுத்தது. ஒவ்வொரு தடவையும் கேட்டார். ஏதாவது ஒரு குப்பியைப் பார்த்ததும் எனக்கு ஞாபகம் வந்துவிடும், ஏரி என்றோ வயல் என்றோ ஒன்றாவது சொல்லிவிடுவேன் என்று அவர் காத்திருந்தது தெரிந்தது. ஒரு குப்பியில் தாய்ச் சிலந்தியோடு அதன் முதுகிலிருந்து உதிர்ந்த குஞ்சுகள் அடியில் பொடியாகக் கிடந்தன. அதை மட்டும் கையில் வாங்கி வெகுநேரம் வெளிச்சத்தில் பார்த்தார். "இதுகூடவா?" என்றார். இதுகூட என்றேன். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கு அவர்மேல் கோபம் இல்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள எனக்கு இஷ்டமில்லை. கோபப்படத் தெம்பில்லை, அவ்வளவுதான்.

விளக்குப் போடும் நேரத்துக்கு நூறைத் தாண்டியிருந்தோம். அதற்குப் பிறகு எப்போது என்று எனக்குச் சரியாகத் தெரியவில்லை, அவர் கேட்பதை நிறுத்திவிட்டார். நான் தேதியை மட்டும் சொன்னேன். மீதியை அவரே எழுதிக்கொண்டார்.